மீன் இல்லாத பதினான்கு நாட்கள்

குருநகர்
05.02.2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கச்சி மேர்சிக்கு,

உன் மார்கழிக் கடிதம் கிடைத்தது. மலைக் குளிரில் வெடித்த விரல்கள் ஆறிவிட்டனவா? அப்பா கடலுக்குப் போய் வருகிறார். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். என்னைப் பற்றி எழுதாமல் விடலாம் என்று இருந்தேன். ஆனால் போன் தொட முடியாத கன்னியர் மடத்தில் இருக்கிற உனக்கு வேறு யார் எழுதப் போகிறார்கள்?

முந்தநாள் புனித பிளேசியார் திருநாள். தொண்டை ஆசீர்வாதத்துக்கு நானும் வரிசையில் நின்றேன். யாகப்பு சுவாமி இரண்டு மெழுகுதிரிகளையும் குறுக்காகப் பிடித்து என் கழுத்தில் வைத்தார். வைத்தவர் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். வலப்பக்கத்துத் திரி சரிந்தே நின்றது. செபத்தை முடித்துவிட்டு, "பிள்ளை, உதென்ன வீக்கம்? டொக்டரிட்டைக் காட்டினனியோ?" என்றார். மெல்லக் கேட்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு மரியநாயகி மாமி, "ஓமடி ஜெயனி, நானும் கண்டனான், சொல்லக் கூச்சமாக் கிடந்தது" என்றா. அது பாதிக் கோவிலுக்குக் கேட்டது.

என் உடம்பைப் பற்றி நாலு பேர் கதைப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். பள்ளிக்கூட நூலகத்தில் அட்டை எழுதும்போது கை நடுங்குகிறது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு ஓடுகிறது. நேற்று இரத்தம் எடுத்தார்கள்.

இதை முதலில் உங்கள் மதர் வாசிப்பா என்பது ஞாபகம் இருப்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். எனக்காக ஒரு செபம் சொல்.

உன் அக்கா
ஜெயனி

*

பண்டாரவளை
22.02.2025

இயேசுவுக்குப் புகழ்

என் அன்பு அக்காவுக்கு,

எல்லோருடைய சுகத்தையும் விசாரித்து எழுதுகிறேன். என் விரல்கள் ஆறிவிட்டன. இப்போது காலில் வெடிப்பு. இங்கே சவர்க்காரம்கூட கல்லாக இறுகிக் கிடக்கிறது.

உன் கடிதத்தை மதர் என்னிடம் தரும்போது, "அக்காவுக்காக இன்றைய செபமாலை" என்று மட்டும் சொன்னா. அவ வாசிக்கிறா என்று நினைத்து நீ பாதியை விழுங்காதே.

இங்கே எண்பது வயது சிஸ்ரர் ஒருவர் இருக்கிறார். முன்பு தாதியாக இருந்தவ. உனக்குக் கழுத்தில் வீக்கம் என்றேன். "கழலைதானே மகள், மலைநாட்டிலை எத்தினை பேருக்குப் பாத்தனான், சுகமாக்கிப் போடலாம்" என்று சிரித்தா. எனக்கு உயிர் வந்தது.

இதோடு மடித்து வைத்திருக்கும் துண்டு அம்மாவுக்கு. நீ வாசிக்கக்கூடாது என்று எழுதத் தேவையில்லை. சின்ன வயதில் என் டயறியை மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போனாலும் மூடி வைத்தவள் நீ.

உன்னை நினைத்தபடி,
மேர்சி

*

குருநகர்
12.03.2025

இயேசு மரி சூசை துணை

அன்புத் தங்கச்சிக்கு,

கால் வெடிப்புக்கு அப்பா தேங்காயெண்ணெய் பூசச் சொல்கிறார். தபசு காலத்தில் உங்களுக்கு ஒருநேரச் சாப்பாடுதானா? கவனம்.

உன் துண்டை அம்மாவிடம் கொடுத்தேன். வாசலில் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்தா. பிறகு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டா. நான் கேட்கவில்லை.

இரத்தத்தின் முடிவு வந்துவிட்டது. தைரொயிட் சுரப்பியைக் கட்டுப்படுத்தும் ரி.எஸ்.எச். என்றொரு சுரப்பு உண்டு. எனக்கு அது பூச்சியத்துக்குக் கிட்ட. சுரப்பி யாருடைய சொல்லும் கேளாமல் தன்பாட்டில் ஓடுகிறதாம். காரணம் அந்தக் கட்டிதானா என்று அறியக் கொழும்பில் ஒரு ஸ்கான் எடுக்க வேண்டும். விழுங்க ஒரு குளிசை தந்து படம் பிடிப்பார்கள். கட்டி படத்தில் எரிந்தால் அதைச் சூடான கட்டி என்கிறார்கள், பெரும்பாலும் ஆபத்தில்லை. எரியாவிட்டால் குளிர்ந்த கட்டி. அதற்குள் என்ன இருக்கலாம் என்று டொக்டர் ஒரு சொல் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. இரண்டு நாளாக அந்தச் சொல்லோடுதான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.

ஸ்கானுக்கு முன் பதினான்கு நாள் மீன், நண்டு, கணவாய், முட்டை, பைக்கற் உப்பு ஒன்றும் ஆகாது. ஏன் என்று எழுதினால் கடிதம் பாடப்புத்தகமாகிவிடும். தபசு என்பதால் இறைச்சியும் இல்லை. நினைத்துப் பார், வள்ளக்காரச் சிமியோன் சம்மாட்டியின் மகள் குருநகரில் மீன் இல்லாமல்! அப்பா ஆனையிறவில் இருந்து கல்லுப்பு வாங்கி வந்திருக்கிறார். மரியநாயகி மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன லூர்த்தம்மா, மோள் சைவமாயிட்டாளாம்? கொக்குவில் பக்கம் மாப்பிள்ளை பாத்திட்டியளோ?" என்றா. அம்மா, "ஓம், கோழிகூட வளவுக்கை வராத வீடாப் பாத்து முடிச்சாச்சு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதா.

எனக்குப் பயமில்லை.

அன்புடன்
ஜெயனி

*

பண்டாரவளை
27.03.2025

இயேசுவுக்குப் புகழ்

என் அன்பு அக்காவுக்கு,

இது உன் கையில் கிடைக்கும்போது நீ ஸ்கான் முடித்துத் திரும்பியிருப்பாய். நல்ல செய்தியோடு உன் கடிதம் எதிரே வந்துகொண்டிருக்கட்டும்.

யாரும் கேட்காமலே "எனக்குப் பயமில்லை" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

துறவியாக என் முதல் வார்த்தைப்பாடு புரட்டாதி எட்டாம் திகதி, மாதாவின் பிறந்தநாளன்று. நீங்கள் மூன்று பேரும் முன்வரிசையில் இருப்பீர்கள் என்று மதரிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா காலையில் கஞ்சி வைத்துத் தருகிறாவா? மறக்காமல் குடி.

பாசத்துடன்,
மேர்சி

*

குருநகர்
13.04.2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள மேர்சிக்கு,

குருத்தோலை ஞாயிறு. அம்மா குருத்தோலையில் சிலுவை முடைந்து உனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறா. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஸ்கான் சரிவரவில்லை. திரையில் கட்டி எரியவுமில்லை, குளிரவுமில்லை. கழுத்து இருந்த இடம் முழுவதும் இருட்டு. டொக்டர் கதிரையைத் திருப்பி, "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். "உங்கடை உடம்பு முழுக்க அயடின் நிறைஞ்சு நிக்குது. கடலிலை இருந்து வந்த ஏதோ ஒண்டு உள்ளுக்குப் போயிருக்கு. அதுதான் சுரப்பி எங்கடை அயடின் குளிசையை ஏறெடுத்தும் பாக்கேல்லை" என்றார். சத்தியமாக இல்லை என்றேன். அவர் என் விலாசத்தைப் பார்த்தார். "குருநகர். பதினாலு நாள் மீன் இல்லாமல் இருந்தனீங்கள், என்ன?" என்று சிரித்தார்.

பொய் சொல்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. என் காது வரை சுட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். நீ எழுதிய அந்தக் காலைக் கஞ்சி, பால்விட்டுச் சர்க்கரை போட்டது, அதற்குள் மாசிக் கருவாட்டுத்தூள் ஏதும் போட்டாவா என்று. "மாதா சத்தியமா மீன்ரை மணம்கூடப் பிடிக்கேல்லை பிள்ளை. சட்டியைக்கூட வேறையாத்தான் வைச்சனான்" என்று அழுதா. நம்புகிறேன். அம்மா மாதா பெயரில் பொய் சொல்லமாட்டா. அப்படியென்றால் சுரப்பி இருண்டதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அது என்ன என்று நினைக்க நான் விரும்பவில்லை.

படபடப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. வேறொன்றுமில்லை.

அன்புடன்
ஜெயனி

*

குருநகர்
07.05.2025

அன்புள்ள மேர்சிக்கு,

உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உனக்குச் சுகமில்லையா? எழுதவேண்டாம் என்று தடை போட்டார்களா? தபாற்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதெல்லாம் படலைவரை போய் வருகிறேன்.

நான் உனக்கு ஒழுங்காக எழுதவில்லை. போன கடிதத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துதான் எழுதினேன். குருத்தோலைச் சிலுவையை அம்மா அங்கேதான் கொண்டு வந்தா. நாடி நிமிடத்துக்கு நூற்று நாற்பது. ஐந்து நாள் வைத்திருந்தார்கள். உன் வார்த்தைப்பாட்டுக்கு முன் உன்னைக் குழப்பக்கூடாது என்று மறைத்தேன்.

ஸ்கானில் பதில் கிடைக்காததால் கட்டிக்குள் ஊசி விட்டு உயிர்க்கலங்களை எடுத்துப் பார்த்தார்கள். விழுங்காதீங்கோ, கதைக்காதீங்கோ என்றார்கள். கூரையைப் பார்த்தபடி நூலகத்துப் புத்தக இலக்கங்களை மனதுக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு கிடந்தேன். றிப்போட் நேற்று வந்தது. "சந்தேகத்துக்கிடமானது, உறுதியாகச் சொல்ல முடியாது" என்று இருக்கிறது. டொக்டர் சொன்ன அந்தச் சொல்லை இப்போது எழுதுகிறேன். புற்றுநோய். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெட்டி எடுத்தால்தான் தெரியுமாம். ஆனி பதினெட்டாம் திகதி சத்திரசிகிச்சை. குரல் நரம்பு அருகில் ஓடுவதால் குரல் போனாலும் போகலாம் என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள்.

மேர்சி, எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை புத்தகம் கேட்டால், பதில் சொல்லும்போது என் குரலை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரி எழுது.

ஜெயனி

*

பண்டாரவளை
14.05.2025

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. கடைசிவரை வாசி.

அம்மா உனக்கு மீன் தரவில்லை. தந்தது கடற்பாசி. சொல்லிக்கொடுத்தது நான்.

மாசியில் நான் மடித்து அனுப்பிய துண்டில் அதுதான் இருந்தது. கழுத்துக் கழலை அயடின் குறைவதால் வருவது, கடற்பாசியில் அது நிறைய இருக்கிறது என்று அந்த சிஸ்ரர் சொன்னா. அம்மாவுக்கு அப்படியே எழுதினேன். கஞ்சிப்பாசியைக் காயவைத்து இடித்துக் கஞ்சியில் கலந்து தினமும் கொடுங்கோ, அக்கா அறிந்தால் குடிக்கமாட்டாள், சொல்லவேண்டாம் என்று.

உன் சித்திரைக் கடிதத்தில் டொக்டர் அயடின் என்று சொன்ன இடத்தை வாசித்ததும் சிஸ்ரரிடம் ஓடினேன். "ஐயோ மகள், அது வேறை கழலை. மலையிலை இருக்கிற சனத்துக்கு வாறது. ஓடுற நெஞ்சுக்கு அதைக் குடுத்தால் நெருப்பிலை எண்ணெய் ஊத்தினமாதிரி" என்றா.

அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், மூன்று தரம் கிழித்தேன். மதர் வாசித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பா என்று பயந்தேன். இவ்வளவு யோசனையில்லாதவளுக்கு என்ன வார்த்தைப்பாடு என்று கேட்பா என நினைத்தேன். அதோடு, "கொஞ்சம் படபடப்பு, வேறொன்றுமில்லை" என்று நீ எழுதியிருந்தாய். ஸ்கான்தானே, திரும்ப எடுப்பார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நீ கட்டிலில் இருந்து எழுதினாய் என்று தெரிந்திருந்தால்...

இல்லை. உன்மேல் பழி போடவில்லை.

டொக்டரிடம் உடனே சொல். பாசியை நிறுத்தச் சொல். இதை மதர் வாசித்துவிட்டு, இன்றே அனுப்பவேண்டும் என்று தானே தபாற்கந்தோருக்குக் கொண்டுபோகிறா.

மேர்சி

*

குருநகர்
23.05.2025

மேர்சிக்கு,

உன் கடிதம் பத்தொன்பதாம் திகதி கிடைத்தது. படித்து முடித்தபோது அம்மா குசினிக்குள் இருந்தா. போய்க் கேட்டேன்.

"அம்மா, கஞ்சிக்குள்ளை பாசி போட்டனீங்களோ?"

திரும்பிப் பார்க்காமல் அடுப்பை ஊதினா. பிறகு சொன்னா. "நீ மீனைத்தானே கேட்டனீ."

"பாசியும் கடல்தானேயம்மா!"

"டொக்டர் தந்த துண்டிலை மீன் கிடந்தது, நண்டு கிடந்தது, கணவாய் கிடந்தது. பாசி கிடக்கேல்லை. நான் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டிப் பாத்தனான் பிள்ளை. பாசியை ஆர் இஞ்சை தின்னுறது எண்டு அவை எழுதேல்லையாக்கும்." பிறகுதான் அவவுக்கு நான் எதற்காகக் கேட்கிறேன் என்பது விளங்கியது. "நான் தந்ததாலையோ நீ ஆஸ்பத்திரியிலை கிடந்தனீ?" என்று கேட்டா.

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகும் அன்று காலைவரை அந்தக் கஞ்சியைக் குடித்திருக்கிறேன். அம்மா அரைவாசிப் பையை எடுத்துக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கொட்டினா.

டொக்டரிடம் போனேன். முதலில் ஏசினார். பிறகு என் கோப்பைத் திறந்து நெடுநேரம் பார்த்தார். சூடான கட்டியில் ஊசி விட்டாலும் சிலவேளை சந்தேகமான முடிவு வருமாம். ஸ்கான் ஒழுங்காக வந்திருந்தால் ஊசியே விட்டிருக்கமாட்டாராம். சத்திரசிகிச்சையைத் தள்ளிவைத்திருக்கிறார். உடம்பில் இருந்து அயடின் இறங்க எட்டுக் கிழமை ஆகும். ஆடி நடுப்பகுதியில் மறுபடி ஸ்கான். உள்ளே இருப்பது மற்றதென்றால் இந்த எட்டுக் கிழமையும் அதற்கும் வளரக் கிடைக்கிறது. அதை அவர் சொல்லவில்லை, நான் கேட்டேன். "ஓம்" என்றார்.

உன்மேல் கோபமில்லை என்று எழுதமாட்டேன். பாசிக்காகக் கோபமில்லை. அது அன்பில் செய்தது. நீ வாய்மூடி இருந்த அந்த ஒரு மாதத்துக்காகத்தான். அந்த மாதத்தில் ஊசி விட்டார்கள், அந்த மாதத்தில் நான் கையொப்பம் வைத்தேன். ஆனால் என் மடியிலும் கனம் இருக்கிறது. உனக்குப் பாதியை மறைத்தவளும் நான்தான்.

மடத்தை விட்டு வருகிறேன் என்று மட்டும் எழுதாதே.

ஜெயனி

*

பண்டாரவளை
10.06.2025

அன்பு அக்காவுக்கு,

உன் நாடி இப்போது எவ்வளவு? சரியான எண்ணை எழுது. அம்மா சாப்பிடுகிறாவா?

வார்த்தைப்பாட்டுக்கான விண்ணப்பத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. ஆடி முடிவுக்குள் கொடுக்க வேண்டும். மதர் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் கடைசி ஆளாகச் சிற்றாலயத்தை விட்டு வருகிறேன், அவ கதவடியில் நின்று விளக்கை அணைக்கிறா.

கோபமாக எழுதினாய். நன்றி. அந்தக் கடிதத்தில் ஒரு வரியைக்கூட நான் சந்தேகிக்கவில்லை.

மேர்சி

*

குருநகர்
26.07.2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள தங்கச்சி மேர்சிக்கு,

இதை வாசிக்கும்போது நீ சுகமாக இருக்க வேண்டும். முந்தநாள் போனில் உன் குரலைக் கேட்டபின் எனக்கு அதுதான் கவலை.

என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதுகிறேன். குளிசை தந்து மறுநாள் படம் பிடித்தார்கள். இம்முறை அம்மாவும் அப்பாவும் வெளியே வாங்கில் இருந்தார்கள். டொக்டர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். சுரப்பியின் மற்ற இடமெல்லாம் மங்கல். வலப்பக்கத்தில் ஒரே ஒரு பொட்டு, அடுப்புத் தணல்போல. "சூடான கட்டி" என்றார். "நான் பாத்ததிலை இவ்வளவு வடிவா எரிஞ்சது குறைவு." இது மற்றதாக இருப்பது மிக அரிதாம். வெட்டத் தேவையில்லை.

வெளியே வந்து சொன்னேன். அம்மா எழும்பவில்லை. "மேர்சிக்கு ஆர் சொல்லுறது?" என்றுதான் முதலில் கேட்டா. கடிதம் போக ஒரு கிழமையாகுமே என்றா. அப்போதுதான் அப்பா போனை எடுத்து உங்கள் மடத்து இலக்கத்தை அழுத்தினார். மதர் எடுத்தா. "பிள்ளையைக் கூப்பிடுங்கோ, நான் தேப்பன்" என்றார். சட்டம் என்று அவ ஒன்றும் சொல்லவில்லையாம். நீ வந்து "அப்பா?" என்றதும் அவர் விம்மினார். புயலில் வள்ளம் கவிழ்ந்த நாளில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் நீ என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் போனைப் பறித்து, "மேர்சி, ஒண்டுமில்லையடி, சுகம்" என்றேன். நீ, "அக்கா, பொய் சொல்லாதை" என்றாய். மறுபடி சொன்னேன். "ஆஸ்பத்திரியிலை இருந்துகொண்டு ஒண்டுமில்லை எண்டு எழுதினவள்தானே நீ" என்றாய்.

அதனால்தான் றிப்போட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லாக உனக்கு வாசித்தேன். ஆஸ்பத்திரி நடைபாதையில், ஆட்கள் பார்க்க, என் பெயர், வயது, நிறை, கழுத்தின் அளவு எல்லாவற்றையும் சத்தமாக. நீ "இன்னொருக்கா" என்றாய். மறுபடி வாசித்தேன். அப்போதும் நீ நம்பவில்லை. போனை வைத்துவிட்டாய்.

ஆகவே றிப்போட்டின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். மதரும் வாசிக்கட்டும். வாசலில் ஒட்டினாலும் சரி.

எதையும் விடாமல் எழுதுகிறேன். அரிது என்பது இல்லை என்பதல்ல. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஆவணியில் மருந்தாகவே அந்த அயடின் குளிசையைப் பெரிய அளவில் தருவார்கள். அதில் கதிர்வீச்சு உண்டு, அதன்பின் சில நாட்கள் யாருக்கும் கிட்டப் போகக்கூடாது. நாடி இன்று காலை எண்பத்தெட்டு. இன்னும் கை கொஞ்சம் நடுங்குகிறது. இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார்த்தால் தெரியும். இரவில் விழித்தால் முதலில் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். பயம் முழுக்கப் போகவில்லை. போகும் என்றும் எழுதமாட்டேன்.

விண்ணப்பம் கொடுக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கொடு. கடிதம் அதற்குள் வராமல் போகலாம். இதைத் தபாலில் போட்டுவிட்டு மதருக்குப் போன் எடுத்து உன்னிடம் சொல்லும்படி அவவிடமும் இதையே வாசிக்கப் போகிறேன்.

உன் அக்கா
ஜெயனி